பால் டின்னின் இரண்டாம் வேலை

கலேவெலப் பக்கத்து வீடுகளில் டின்பால் தீர்ந்தால் டின் குப்பைக்குப் போவதில்லை. மேல் விளிம்பைத் தட்டி மழுக்கி, கழுவிக் காயவைத்து, அரிசி வாளிக்குள் போட்டுவிடுவார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டின் அளவை அதுதான். "விருந்தாளி வாறாங்களாம், இன்னும் ரெண்டு டின் கூடப் போடுங்க உம்மா" என்று மகள் சொன்னால், எத்தனை கிராம் என்று உம்மா யோசிப்பதில்லை. பாலை அடைத்து விற்பதற்காக ஒரு கம்பனி செய்த தகரம், எல்லாம் ஒரே அளவில் வருவதால், ஊருக்கே பொதுவான அளவையாகிவிட்டது. பால்மா வரும் பெரிய டின்னுக்கு வேறு உத்தியோகங்கள் இருக்கின்றன: சேனைக் காவலில் தட்டி யானையை விரட்டும் பறை, கறிவேப்பிலைக் கன்றுக்குச் சாடி, மரத்தூள் அடுப்பு.

வீட்டுச் சாமானுக்கு இரண்டாவது வேலை கொடுப்பது நமக்குப் புதிதல்ல. புதிதாக வந்திருப்பது அதைப் பற்றிய அறிவுரை வெள்ளம். கைத்தொலைபேசியைத் திறந்தால் பற்பசைக்கு இருபது பயன், ஆப்பச்சோடாவுக்கு ஐம்பது பயன், வினாகிரிக்கு நூறு பயன் என்று வந்து கொட்டுகிறது. அவற்றில் சில உயிர் காப்பவை. பல வெறும் பொழுதுபோக்கு. சில ஆளைக் கொல்லக்கூடியவை. மூன்றும் ஒரே குரலில், ஒரே நம்பிக்கையோடு சொல்லப்படுவதுதான் சிக்கல். இவற்றைப் பிரித்தறிய நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். அந்தப் பொருளின் எந்தக் குணம் இங்கே வேலை செய்கிறது? வேலை செய்ததா என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

கலேவெலயை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வீதியில், மாத்தளை மாவட்டத்தின் வறண்ட பக்கத்தில் இருக்கிற ஊர் இது. தேவஹுவக் குளத்து நீரை நம்பிய வயல், சிறுபோகத்தில் பெரிய வெங்காயம், மழையை நம்பிய சேனை. சிங்களவரும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் கூடுகிறார்கள். கிணற்றுத் தண்ணீர் கடினமானது. பயிரைக் காட்டுப்பன்றியும் யானையும் பங்கு கேட்கும். நகரத்தில் "அதிசயப் பயன்" என்று சொல்லப்படுவது இப்படியான ஊரில் அன்றாடத் தேவை. ஒரு யோசனை தேறுமா தேறாதா என்று பார்க்க இதைவிடக் கண்டிப்பான இடம் கிடைக்காது.

முதலில் குப்பி விளக்கு. இலங்கையின் வீட்டுப் பொருள் வரலாற்றில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டின் வீடுகளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லை. மருந்துப் போத்தல், மைப் போத்தல், சாராயக் கால் போத்தல் என்று அகப்பட்டதில் மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியில் துளையிட்டு, பழந்துணித் திரியைச் சின்னத் தகரக் குழலில் கோத்துச் செருகினால் விளக்குத் தயார். எரிந்துபோன மின்குமிழைக்கூட விட்டுவைக்கவில்லை. செலவில்லாத வெளிச்சம். பிள்ளைகள் படித்தார்கள், பெண்கள் சமைத்தார்கள். ஆனால் போத்தல் உயரமானது, எடை குறைந்தது, அடி ஒடுங்கியது. ஒரு பூனை உரசினாலும் சரியும். சரிந்தால் உருளும். இறுக மூடாத திரிக்குழல் கழன்று எண்ணெய் பாயும், நெருப்பு அதைத் தொடர்ந்து போகும். பாயில் படுத்திருக்கும் குழந்தையின் உயரம்தான் அந்த நெருப்பின் உயரம்.

இப்படி எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1992இல் விளக்கின் பக்கம் திரும்பினார். புண்ணுக்கு மருந்து போடுவதோடு நிற்காமல், புண்ணை உண்டாக்கும் போத்தலைத் திருத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் கண்ணில் பட்டது மார்மைட் போத்தல். குட்டையானது, கனமானது, கண்ணாடி தடித்தது, எளிதில் சாயாது. அந்த உருவத்திலிருந்து அவர் அமைத்த விளக்கில் இரண்டு பக்கம் தட்டையாக இருந்தது, விழுந்தாலும் உருளாமலிருக்க. மூடி திருகி இறுக்கும் உலோக மூடி, கவிழ்ந்தாலும் எண்ணெய் சிந்தாமலிருக்க. பழைய கண்ணாடியை உருக்கியே வார்த்தார்கள், விலை ஏறாமலிருக்க. லட்சக்கணக்கில் அந்த விளக்கு வீடுகளுக்குப் போனது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

இதில் நான் கவனிப்பது ஒன்று. ஏழைகள் கண்டுபிடித்த மாற்றுப் பயனை அவர் கேலி செய்யவும் இல்லை, மண்ணெண்ணெய் கூடாது என்று உபதேசம் பண்ணவும் இல்லை. போத்தல் விளக்கு போத்தல் விளக்காகவே இருந்தது. எது கொல்கிறது என்று பார்த்து, அந்தக் குணத்தை மட்டும் மாற்றினார். உயரம், எடை, அடி, மூடி, அவ்வளவுதான். மாற்றுப் பயனில் நல்லது கெட்டதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இப்படியான அற்ப விவரங்களே.

பாடம் பழசாகிவிட்டது என்று நினைத்திருந்தோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டபோது குப்பி விளக்குகள் பல வீடுகளில் மறுபடி தலைகாட்டின. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியதும், தேங்காயெண்ணெய் விளக்கும் மெழுகுதிரியும் அந்த இடத்துக்கு வந்தன. மெழுகுதிரிக்குப் பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய தெளிந்த போத்தலை வைத்தால் வெளிச்சம் பரவலாக விழும். ஒளி வளைந்து சிதறுவதுதான் காரணம், மந்திரம் இல்லை.

அதே வருஷம் எரிவாயு சிலிண்டர் கிடைக்காமல் ஆட்கள் வீதியில் நின்றபோது, பால்மா டின் அடுப்பாக மாறியது. அதைச் செய்யும் விதத்தைப் பார்த்தால் ஒரு சின்ன எந்திரவியல் பாடம் தெரியும். டின்னின் பக்கத்தில், அடியை ஒட்டி, கட்டைவிரல் பருமனுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு துளை வெட்டுவார்கள். அதன் வழியே ஒரு தடியை நடு வரைக்கும் நுழைப்பார்கள். நடுவில் ஒரு வெறும் போத்தலை, தடியின் நுனியில் முட்டும்படி நிமிர்த்தி வைப்பார்கள். இரண்டையும் சுற்றி மரத்தூளைக் கொட்டிக் கொட்டி, கையால் குத்தி இறுக்குவார்கள். தூள் கொஞ்சம் ஈரமாக இருந்தால் நன்றாக இறுகும். பிறகு போத்தலை மெல்லத் திருகி மேலே உருவி, தடியைப் பக்கவாட்டில் இழுத்தால், இறுகிய தூளுக்குள் வளைந்த ஒரு குகை நிற்கும். கீழ்த் துளையில் கொளுத்தினால் காற்று அந்தக் குகை வழியாக மேலே இழுபடும். குகையின் சுவர் உள்ளிருந்து வெளியே மெதுவாக எரியும். தூளைச் சும்மா குவித்துக் கொளுத்தினால் புகையும், இறுக்கி ஓட்டை விட்டால் மணிக்கணக்காக நிதானமாக எரியும். தச்சுப் பட்டறையில் சும்மா கிடக்கும் தூள் இது.

இதற்கும் ஒரு நிபந்தனை. மூடிய அறைக்குள் இந்த அடுப்பு கூடாது. மெதுவாக எரியும் எதுவும் காபனோரொட்சைட்டு விடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குசினிக் கதவையும் யன்னலையும் திறந்து வையுங்கள், முடிந்தால் வெளியிலேயே வையுங்கள்.

அடுத்து வினாகிரி. வறண்ட வலயத்தில் இருக்கிறவர்களுக்குக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைத் தட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. கிணற்று நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து கொதிக்கும்போது கல்லாகிறது. கல்சியம் காபனேற்று, சுண்ணாம்புக் கல்லின் அதே பொருள். அந்தத் தட்டுப் படிந்த கேத்தலில் தண்ணீர் கொதிக்க நேரமும் விறகும் கூடச் செலவாகும். தென்னை வினாகிரியையும் தண்ணீரையும் சரிபாதி ஊற்றிச் சூடாக்கி அரை மணி நேரம் விட்டால், அமிலம் கல்லைத் தின்று நுரையாக வெளியேற்றும். நுரை காபனீரொட்சைட்டு. வினாகிரி இல்லையென்றால் புளிக் கரைசலும் தேசிக்காயும் அதே வேலையைக் கொஞ்சம் மந்தமாகச் செய்யும். பித்தளைச் செம்பைப் புளி போட்டு விளக்குகிற பழக்கத்துக்குப் பின்னாலும் இதே அமிலக் கணக்குத்தான். அலுமினியக் கேத்தலில் மட்டும் இரவு முழுக்க ஊறவிட வேண்டாம், அமிலம் உலோகத்தையும் தொடும்.

இதுவரை வீட்டு வைத்தியம். இதே அமிலம் செய்த பெரிய வேலை திண்டுக்கல்லில் நடந்தது. தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், 2000ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்குக் கருப்பை வாயில் நான்கு வீதம் அசற்றிக் அமிலம் தடவித் தாதிமார் பரிசோதித்தார்கள். வினாகிரியில் இருக்கும் அமிலம் அதுதான், செறிவும் கிட்டத்தட்ட அதுவேதான். மாறத் தொடங்கிய கலங்கள் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகித் தெரியும். ஆய்வுகூடம் வேண்டாம், நுணுக்குக்காட்டி வேண்டாம். 2007இல் லான்செட் சஞ்சிகையில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 வீதமும், அதனால் வரும் மரணம் 35 வீதமும் குறைந்திருந்தன. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை ஏறத்தாழ 1,50,000 பெண்களிடையே நடத்திய ஆய்வும் 2013இல் மரணத்தில் 31 வீதக் குறைவைக் காட்டியது. பயிற்சி பெற்ற தாதியின் கையில் இருக்கும்வரைதான் அது பரிசோதனை. வீட்டில் யாரும் முயலக் கூடாது. ஆனால் மருத்துவக் கருவிகள் கோடிக்கணக்கான ரூபாவுக்கு விற்கப்படும் உலகத்தில், குசினி அலுமாரியில் இருக்கும் ஒரு புளிப்பு இத்தனை உயிரைக் காத்திருக்கிறது என்பதை நூறு பயன் பட்டியல் எதிலும் நான் பார்த்ததில்லை. அங்கே யன்னல் துடைப்பதற்குத்தான் முதலிடம்.

குசினியிலிருந்து மருத்துவத்துக்குப் போன இன்னொரு பொருள் நோன்புக் காலத்தில் கலேவெல முஸ்லிம் வீடுகளில் தவறாமல் இருக்கும்: கடற்பாசி. பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் வெளியிலேயே இறுகிவிடும். நம் வெயிலிலும் உருகாது. ஜெலற்றின் அப்படியல்ல, குளிரூட்டிக்கு வெளியே வைத்தால் தளர்ந்துவிடும். 1881இல் ஜெர்மனியில் கிருமிகளை வளர்க்க முயன்ற வால்ட்டர் ஹெஸ்ஸெக்கும் இதே தொல்லை. உடற்சூட்டில் கிருமி வளரும், அதே சூட்டில் ஜெலற்றின் உருகிவிடும். அவருடைய மனைவி பானி ஹெஸ்ஸெ, ஜாவாவில் வாழ்ந்த குடும்பமொன்றிடமிருந்து தெரிந்துகொண்ட கடற்பாசியைத் தன் சமையலுக்குப் பயன்படுத்திவந்தார். அதைப் போட்டுப் பாருங்கள் என்றார். ஹெஸ்ஸெ வேலை செய்த ஆய்வுகூடத்தின் தலைவர் றொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து 1882இல் எழுதிய கட்டுரையில் கடற்பாசி வருகிறது, பானியின் பெயர் வரவில்லை. இன்றும் உலகத்தின் ஒவ்வொரு கிருமி ஆய்வுகூடத்திலும் அவருடைய குசினிப் பொருள்தான் தட்டில் இருக்கிறது.

தாக்காவில் இன்னும் கிட்டடியில் ஒரு ஷாம்பு போத்தல் அப்படி வேலை செய்தது. நிமோனியாவில் மூச்சுத் திணறும் குழந்தையின் நுரையீரல் அறைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க மெல்லிய அழுத்தம் வேண்டும். அதற்கான இயந்திரம் ஏழை நாட்டு ஆஸ்பத்திரிக்கு எட்டாத விலை. மருத்துவர் முகம்மது ஜோபாயர் சிஸ்தி வெறும் ஷாம்பு போத்தலில் தண்ணீர் நிரப்பி, குழந்தை மூச்சு விடும் குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கினார். வெளிவரும் காற்று தண்ணீரைத் தள்ளிக் குமிழியாக வேண்டியிருப்பதால் தேவையான அழுத்தம் தானே உண்டாகிறது. 2015இல் வெளியான அந்தப் பரிசோதனையில், வழக்கமான குறைந்த வேக ஒட்சிசன் பெற்ற 67 குழந்தைகளில் 10 பேர் இறந்தார்கள், போத்தல் முறையில் 79 பேரில் 3 பேர். எண்ணிப் பார்த்தல் என்று நான் சொல்வது இதைத்தான்.

தண்ணீர் விடயத்துக்கு வருவோம். வெள்ளம் வடிந்த பிறகு கலங்கிய கிணறு இந்தப் பக்கத்துக்குப் பழக்கமான காட்சி. தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்சுவரில் உரசி அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவான பழைய முறை. கொட்டையின் சத்து மிதக்கும் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் படிய வைக்கிறது. முருங்கை விதையும் அதையே செய்யும். கலங்கல் தெளிவது உண்மை. ஆனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் குடிக்கத் தக்கதல்ல, கொதிக்க வைக்கும் வேலை மிச்சமிருக்கிறது.

பழைய பருத்திச் சேலையின் கதை இதைவிடச் சுவையானது. பங்களாதேசின் மத்லாப் பகுதியில் 65 கிராமங்களில் ரீட்டா கோல்வெல் குழுவினர் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. சேலையை நான்கு தடவையாவது மடித்துக் குடத்து வாயில் போட்டுத் தண்ணீர் மொண்ட வீடுகளில் வாந்திபேதி 48 வீதம் குறைந்தது. துணியால் ஒரு கிருமியைத் தடுக்க முடியாதே என்று கேட்பது நியாயம். வாந்திபேதிக் கிருமி குளத்து நீரில் தனியாகத் திரிவதைவிடக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் மிதவைகளில் ஒட்டிக்கொண்டுதான் அதிகம் வாழ்கிறது. மிதவை துணியில் சிக்கினால் கிருமியும் சிக்கும். அதிலும் புதுச் சேலையைவிடப் பழைய சேலை நல்லது, துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து பஞ்சாகி ஓட்டை சிறுத்துவிடும். நைந்த துணி புதுத் துணியை வெல்லும் இடம் இது ஒன்றுதான் போலும்.

வெறும் சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கூரையில் ஆறு மணி நேரம் வெயிலில் வைத்தால் கிருமி சாகும் என்பதும் சோதித்து நிறுவப்பட்டதே. மேகம் மூடிய நாளென்றால் இரண்டு நாள் வேண்டும். போத்தல் இரண்டு லீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது, தண்ணீர் கலங்கியிருக்கக் கூடாது. செய்தித்தாளின் தலைப்பெழுத்தின்மேல் போத்தலை நிறுத்தி, மேலிருந்து பார்த்து வாசிக்க முடிந்தால் தெளிவு போதும். ஆய்வுகூடத்தில் இத்தனை நன்றாக வேலை செய்த இந்த முறை, பொலிவியாவில் கிராமங்களுக்குக் கொண்டுபோனபோது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 2009இல் வந்த அந்த ஆய்வின்படி மூன்றில் ஒரு பங்கினர் அளவே முறையைத் தொடர்ந்து கடைப்பிடித்தார்கள். தினமும் போத்தலை ஏற்றி இறக்கிக் காத்திருக்க வீட்டில் யாருக்கு நேரம்? அறிவுரைப் பட்டியல் எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. சேலை வடிகட்டல் நிலைத்ததற்குக் காரணம், தண்ணீர் மொள்ளும் வேலையோடு அது தானாகச் சேர்ந்துகொண்டதுதான்.

வயலிலும் சேலைக்கு வேலை இருக்கிறது. தோட்டத்தைச் சுற்றிப் பல நிறப் பழஞ்சேலைகளை வேலியாகக் கட்டுவது இங்கும் தென்னிந்தியாவிலும் உண்டு. காட்டுப்பன்றிக்குக் கண்ணைவிட மூக்குத்தான் பலம் என்பதால், சேலையில் மனித வாடை ஒட்டியிருப்பதும் காரணம் என்பார்கள். சலூனில் கூட்டியெடுத்த முடியை வரப்பில் தூவுவதும் அதே கணக்கு. கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும். பிறகு மிருகம் பழகிவிடும். இடத்தை மாற்றி மாற்றிக் கட்டுகிறவனுக்கு இரண்டு கிழமை கூடக் கிடைக்கும், அதற்கு மேல் உத்தரவாதம் கிடையாது. கதிர் பழுக்கும் காலம்வரை தள்ளிப்போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு அதுவே லாபம்.

விதை நெல் தேர்வு இதைவிட உறுதியானது. பத்து லீற்றர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ அளவில் சமையல் உப்பைக் கரைக்க வேண்டும். செறிவு போதுமா என்று பார்க்கத் தராசும் கருவியும் வேண்டாம், ஒரு புது முட்டை போதும். நல்ல தண்ணீரில் அடியில் கிடக்கும் முட்டை, உப்பு ஏற ஏற எழும்பி, ஒரு ரூபாக் காசளவு முதுகு வெளியே தெரிய மிதக்கும். அப்போது நெல்லைக் கொட்டிக் கிளறினால் பதரும் அரைமணியும் மேலே வரும், கனத்த விதை கீழே தங்கும். மேலே வந்ததை அள்ளிவிட்டு, கீழே உள்ளதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும், உப்புத் தங்கினால் முளைப்பு கெடும். முட்டையை அடுத்த வேளை பொரித்துச் சாப்பிடலாம்.

தேங்காய்ச் சிரட்டையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம், இங்கே சுருக்கமாக. முதலாம் உலகப் போரில் நச்சு வாயு முகமூடிக்கு வேண்டிய கரி சிரட்டையிலிருந்துதான் சிறப்பாக வந்தது. சிரட்டை போதாமல் 1918இல் அமெரிக்கர்கள் பீச் பழக் கொட்டைகளைச் சேகரித்துக் கொடுத்தார்கள். அந்தக் கரியின் நுண்துளைகள் வாயுவைப் பிடித்துவைக்கும். 1973இல் தொடங்கிய ஹேகார்ப் போன்ற இலங்கைக் கம்பனிகள் அதே சிரட்டைக் கரியை இன்று தண்ணீர் வடிகட்டிகளுக்கு உலகமெங்கும் அனுப்புகின்றன. இதைக் கேட்டுவிட்டு அடுப்புக் கரியை அப்படியே தண்ணீரில் போடுகிறவர்கள் உண்டு. நீராவியில் ஊக்குவித்த கரி வேறு, அடுப்புக் கரி வேறு.

மரக்கறி கழுவ ஆப்பச்சோடா நல்லதா என்ற கேள்வி, தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி அனுப்பும் ஊரில் இயல்பாகவே எழும். 2017இல் மசசூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்பிளில் சோதித்தார்கள். ஒரு லீற்றருக்குப் பத்து கிராம் வீதம் கரைத்த சோடா நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறியபோது, மேற்றோலில் இருந்த இரண்டு மருந்துகளில் ஒன்று 80 வீதமும் மற்றது 96 வீதமும் அகன்றன. தோலுக்குள் இறங்கியது அகலவில்லை. ஆகவே ஓரளவு உதவும், சும்மா தண்ணீரில் ஒரு முறை முக்கியெடுப்பதைவிட நல்லது. வயலில் மருந்தடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்தார்கள் என்பதை எந்தச் சோடாவும் சரிக்கட்டாது.

ஆப்பச்சோடாவையும் வினாகிரியையும் சேர்த்துக் கலந்து "அதிசய சுத்திகரிப்பான்" செய்யச் சொல்லும் காணொளிகள் ஏராளம். நுரை பொங்குவதைப் பார்க்க அழகுதான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்ட பிறகு மிஞ்சுவது கொஞ்சம் உப்பு கரைந்த தண்ணீர். தனித்தனியாக இரண்டும் உருப்படியான சாமான், சேர்த்தால் இரண்டுமே வீண். இதாவது காசுக்குத்தான் கேடு. வெளுப்பு நீரோடு வினாகிரியைக் கலந்தால் குளோரின் வாயு வரும். கழிவறையின் மூடிய நாலு சுவருக்குள் அது மூச்சை அடைக்கும். வெளுப்பு நீரைத் தண்ணீரைத் தவிர வேறெதனோடும் கலக்கக் கூடாது.

தீப்புண்ணுக்குப் பற்பசை. இது இலங்கை முழுக்க ஓடும் பழக்கம். கொதிநீர் பட்டவுடன் பக்கத்து வீட்டு மாமி ஓடிவந்து, "கொஞ்சம் பற்பசை பூசு மகள், குளிர்ச்சியா இருக்கும்" என்பார். அந்தக் குளிர்ச்சி மணச்சரக்கு தரும் உணர்வு மட்டும், சூடு தோலுக்குள் அப்படியே இருக்கும். போதாதற்கு ஆஸ்பத்திரியில் அதை உரித்தெடுக்கும் வேதனை வேறு. செய்ய வேண்டியது: ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் பிடிப்பது, ஐஸ் வைக்காதிருப்பது. அதன் பிறகு மேலே மூடுவதற்கு உலகின் பல மருத்துவ வழிகாட்டிகள் சொல்வது ஒரு குசினிப் பொருளைத்தான், உணவை மூடும் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். புண்ணில் ஒட்டாது, தூசு விடாது, உள்ளே என்ன என்று மருத்துவருக்குத் தெரியும். சுற்றி இறுக்காமல் மேலே விரித்து வைக்க வேண்டும். பற்பசை தேறாத இடத்தில் பிளாஸ்டிக் தாள் தேறுகிறது.

தேனுக்கும் அப்படி ஒரு வேலை அண்மையில் உறுதியானது. விளையாட்டுச் சாமானிலிருந்து பொத்தான் பற்றரியை விழுங்கிய, ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கச் சொல்கிறார்கள் அமெரிக்க நச்சு மருத்துவர்கள். விழுங்கி 12 மணி நேரத்துக்கு உட்பட்டதானால் மட்டும். தொண்டைச் சுவருக்கும் பற்றரிக்கும் இடையில் தேன் திரையாக நின்று காரம் அரிப்பதைத் தாமதிக்கிறது. தேன் கொடுப்பதற்காக வண்டியைப் பிந்தவிடக் கூடாது. பற்றரியை எடுக்க மருத்துவர்தான் வேண்டும்.

கடைசியாக, பழைய பாத்திரங்களே எமனாகும் இரண்டு இடங்கள். ஒன்று டெங்கு. 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குக்கு ஆளானார்கள், 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எப்போதாவது உதவும் என்று பின்வளவில் சேர்த்துவைக்கும் யோகட் கப், சிரட்டை, டயர், தகர டின் எல்லாம் அந்த நுளம்புக்குப் பிரசவ அறை. பூச்சியியல் ஆய்வாளர்கள் இதே குணத்தைத் திருப்பிப் போடுகிறார்கள்: கறுப்பு நிறச் சின்னக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி, ஒரு மரச் சில்லைச் செருகி வைத்தால் அந்த ஊரில் நுளம்பு முட்டையிடுகிறதா என்று அறியலாம். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழையில் பொரிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும், கிழமைக்கு ஒரு தடவை.

மற்றது பூச்சிமருந்துப் போத்தல். தடித்த பிளாஸ்டிக், இறுக்கமான மூடி, தண்ணீர் கொண்டுபோக வசதி என்று தோன்றும். எத்தனை தரம் கழுவினாலும் மருந்து பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும். மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, போத்தலின் அடியைக் குத்திக் கிழித்துவிட வேண்டும், இன்னொருவர் எடுத்துப் பாவிக்காதபடி. அதைவிட மோசம் எதிர்த்திசையில் நடப்பது: சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய், தண்ணீர்ப் போத்தலில் களைகொல்லி. தாகத்தோடு வயலிலிருந்து வரும் பிள்ளைக்குப் போத்தலின் வடிவம்தான் தெரியும்.

இதை வாசித்து முடித்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். குடிபானப் போத்தலில் மண்ணெண்ணெய், வெளுப்பு நீர், பூச்சிமருந்து ஏதாவது வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். பிறகு பின்வளவுக்குப் போய், உதவும் என்று ஒதுக்கிவைத்த டின்களில் மூன்று மாதமாக எதற்கும் எடுக்காதவற்றைக் கவிழ்த்து, நசுக்கி, பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அரிசி வாளிக்குள் இருப்பதை மட்டும் விட்டுவையுங்கள்.